கோப்பைக்கு வெளியே நிற்கும் ஆள்: கோதிக் புனைவில் மதுவும் குற்றவுணர்வும்

எட்கர் ஆலன் போவின் ‘கருப்புப் பூனை’ கதையைச் சொல்பவன் மறுநாள் தூக்கிலிடப்பட இருப்பவன். மனைவியைக் கோடரியால் வெட்டிக் கொன்று, உடலை நிலவறைச் சுவருக்குள் நிறுத்திப் பூசி மறைத்தவன் அவன். தேடிவந்த காவலர்கள் ஒன்றும் கிடைக்காமல் திரும்பும் தறுவாயில், வீட்டின் கட்டுமானத்தைப் பெருமையடித்துக்கொண்டு அதே சுவரைக் கைத்தடியால் தட்டுகிறான். உள்ளே சிக்கியிருந்த பூனை எழுப்பிய ஓலம் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. தன் கதையை அவன் தொடங்கும் விதம்தான் கவனிக்கத்தக்கது. சிறுவயதில் தான் மிக இளகிய மனத்தவன், விலங்குகள்மீது உயிராக இருந்தவன், குடி என்னும் பேய்தான் தன்னை மாற்றிவிட்டது என்கிறான். 1843 ஆகஸ்டில் பிலடெல்பியாவின் வார இதழ் ஒன்றில் இதை வாசித்தவர்களுக்கு அந்தத் தொடக்கம் பழகிய ஒன்றாகவே பட்டிருக்கும், ஏனென்றால் அந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் ஊர்தோறும் மேடைகளில் குடிகாரர்கள் எழுந்து நின்று ஏறத்தாழ அதே சொற்களில்தான் தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்கா அப்போது பெருங்குடியிலிருந்து விடுபடும் முயற்சியில் இருந்தது. வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீட்டில், 1830-ஐ ஒட்டிய காலத்தில் பதினைந்து வயதைக் கடந்த அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்கு ஏறக்குறைய ஏழு கேலன், அதாவது 26 லிட்டர், தூய ஆல்கஹாலுக்கு ஈடான மதுவைக் குடித்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இந்த அளவு பாதிக்கும் கீழே இறங்கியது. முதலில் இந்த மதுவிலக்கு இயக்கத்தைப் பாதிரியார்களும் வசதி படைத்தவர்களும் நடத்தினார்கள். 1840-இல் பால்டிமோரில் ஒரு மதுக்கூடத்தில் கூடிய ஆறு குடிகாரர்கள், இனிக் குடிப்பதில்லை என்று தங்களுக்குள் உறுதி எழுதிக் கையொப்பமிட்டுத் தொடங்கிய வாஷிங்டோனியன் சங்கம் அந்த நிலையை மாற்றியது. அவர்கள் கூட்டங்களில் உபதேசம் இல்லை. குடித்துக் கெட்டவனே தன் அனுபவத்தைச் சொன்னான். நல்ல குடும்பம், முதல் கோப்பை, கடன், மனைவிமேல் விழுந்த அடி, சாக்கடையோர உறக்கம், பிறகு உறுதிமொழி, மீட்சி என்று அந்தக் கதைகளுக்கு ஒரு வார்ப்பு உருவாயிற்று. அச்சகங்கள் அதை உடனே பிடித்துக்கொண்டன. இளம் வால்ட் விட்மன் கூட 1842-இல் இந்த வார்ப்பில் ஒரு நாவல் எழுதினார். முதுமையில் அதை வெறும் குப்பை என்று அவரே ஒதுக்கினார்.

மதுவிலக்குக் கதை, அச்சத்தையும் மர்மத்தையும் கருவாகக் கொண்ட கோதிக் புனைவிடமிருந்து நிறையக் கடன் வாங்கியிருந்தது. பேய், சாபம், இருண்ட வீடு, பிணம் எல்லாம் அதில் வந்தன, ஆனால் ஒரே ஒரு நோக்கத்துக்காக: தீமை புட்டிக்குள் இருக்கிறது என்று காட்டுவதற்காக. புட்டியை அகற்றிவிட்டால் பழைய நல்லவன் திரும்பி வந்துவிடுவான் என்பது அதன் நம்பிக்கை. போ அந்த வார்ப்பைத் திருப்பிக் கடன் வாங்கி, அதன் அடித்தளத்தை மட்டும் உருவிவிட்டார். ‘கருப்புப் பூனை’யில் மூன்று கொடுமைகள் நடக்கின்றன, அவற்றில் மது எங்கே இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் அவர் செய்த காரியம் விளங்கும்.

முதல் கொடுமை நடக்கும் இரவில் அவன் நன்றாகக் குடித்துவிட்டு வீடு திரும்புகிறான். பூனை தன்னைத் தவிர்ப்பதாகத் தோன்ற, அதைப் பிடித்துத் தூக்கி, சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து அதன் ஒரு கண்ணைத் தோண்டுகிறான். காலையில் போதை தெளிந்ததும் பாதி அச்சமும் பாதிக் குற்றவுணர்வுமாகத் தவிக்கிறான். பிறகு அந்த நினைவையும் மதுவில் மூழ்கடிக்கிறான். இதுவரை மதுவிலக்கு மேடையில் யாரும் சொல்லக்கூடிய கதைதான். இரண்டாவது கொடுமை வேறு மாதிரி. ஒரு காலை நேரத்தில், நிதானமாக, அந்தப் பூனையின் கழுத்தில் சுருக்கிட்டு மரக்கிளையில் தொங்கவிடுகிறான். கண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது. அது தன்மேல் அன்பு வைத்திருந்தது என்பதும், தான் செய்வது பாவம் என்பதும் தெரிந்திருக்கிறது, தெரிந்திருப்பதாலேயே செய்கிறான். மூன்றாவது மனைவியின் கொலை. வீட்டு வேலையாக நிலவறைக்கு இறங்கும்போது, முதல் பூனைக்குப் பின் வீட்டுக்கு வந்த இரண்டாவது பூனை காலில் இடற, அதை வெட்ட ஓங்கிய கோடரியை மனைவி தடுக்க, கோடரி அவள் தலையில் இறங்குகிறது. இந்த இடத்தில் மதுவைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. அன்றிரவு கொலையின் சுமையோடே நிம்மதியாக உறங்கினேன் என்கிறான், அந்த உறக்கத்துக்கும் அவனுக்குக் குடி தேவைப்படவில்லை.

குற்றம் பெரிதாகப் பெரிதாக மது சிறிதாகிக்கொண்டே போகிறது. குடியை நீக்கினால் நல்லவன் எஞ்சுவான் என்ற வாக்குறுதியைக் கதை தன் முதல் பக்கத்தில் தந்துவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் அதைத் திரும்பப் பெறுகிறது. கதைசொல்லி தானே இதை உணர்ந்து, இனிக் குடியைக் காரணம் காட்ட முடியாது என்ற இடத்தில், தவறென்று அறிந்தே தவறு செய்யத் தூண்டும் ஒரு வக்கிரம் மனித இயல்பிலேயே உண்டு என்று புதிய விளக்கம் தேடுகிறான். அதுவும் ஒரு சாக்குதான் என்பது என் எண்ணம். பேயின் பெயரை மாற்றியிருக்கிறான், அவ்வளவே. எல்லா மனிதருக்கும் பொதுவான இயல்பு என்று சொல்லிவிட்டால் அது தன் குற்றம் ஆகாது அல்லவா?

போவின் வாழ்க்கையை அறிந்தவர்கள் இதை அவருடைய வாக்குமூலமாகப் படிப்பதுண்டு. அவர் குடித்தார், கொஞ்சம் குடித்தாலே நிலைகுலைந்தார், விட்டார், மறுபடி தொட்டார். 1842-இல் அவர் மனைவி வர்ஜீனியா பாடிக்கொண்டிருக்கும்போது இரத்தக்குழாய் வெடித்து, அதன்பின் ஐந்தாண்டுகள் சாவதும் பிழைப்பதுமாகக் கிடந்து 1847-இல் இறந்தார். அந்தக் காலத்தைப் பற்றி 1848 ஜனவரியில் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில், தான் பித்தாகியிருந்த காலங்களில் குடித்ததாகவும், எதிரிகளோ குடியால்தான் பித்து வந்தது என்று மாற்றிச் சொன்னதாகவும் போ குறிப்பிடுகிறார். எது காரணம், எது விளைவு என்ற இந்த வழக்கு அவர் இறந்த பிறகும் ஓயவில்லை. 1849 ஆகஸ்டில் ரிச்மண்டில் மதுவிலக்குச் சங்கம் ஒன்றில் சேர்ந்த அவர், அக்டோபர் 3 அன்று பால்டிமோரின் ஒரு மதுக்கூடத்தில் நினைவு தடுமாறிய நிலையில் கண்டெடுக்கப்பட்டு, நான்கு நாட்களில் இறந்தார். அவரை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்த நண்பர் ஸ்னாட்கிராஸ் மதுவிலக்குப் பிரசாரகர். குடியே கொன்றது என்று பிற்பாடு மேடைகளில் பேசினார். மருத்துவம் பார்த்த மோரன், குடிக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பே இல்லை என்று பல்லாண்டுகள் வாதாடினார். இருவர் சொன்னதையும் அப்படியே ஏற்க முடியாது; இருவருக்கும் தங்களுக்கு வேண்டிய போ ஒருவர் இருந்தார்.

இந்தப் புனைவுகள் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி இலக்கியத்தில் பிறந்தது அல்ல, சட்டத்தில் இருந்தது. போதையில் செய்ததற்கு யார் பொறுப்பு? பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக், குடிகாரனைத் தன் விருப்பத்தால் பேயானவன் என்று வருணித்து, அவனுக்கு எந்தச் சலுகையும் கிடையாது என்றார். 1769-இல் மற்றொரு ஆங்கிலச் சட்ட அறிஞரான பிளாக்ஸ்டனும், குடிபோதை குற்றத்தை மன்னிக்க அல்ல, கூட்டவே காரணமாகும் என எழுதினார். இந்த மரபின் ஒரு கிளை நமக்கும் வந்திருக்கிறது: 2024 வரை நடப்பிலிருந்த, 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 85, 86 ஆகிய பிரிவுகள், பிறர் வற்புறுத்தியோ ஏமாற்றியோ ஊட்டிய போதைக்கும் தானாகக் குடித்த போதைக்கும் வேறுபாடு காட்டி, தானாகக் குடித்தவனைத் தெளிந்திருந்தவனுக்குரிய அறிவு உடையவனாகவே வைத்து நடத்தச் சொல்லின.

தத்துவவாதி ஜான் லாக் இதில் ஒரு சங்கடத்தைக் கண்டார். ஒருவன் நேற்றிருந்த அதே ஆள்தான் என்று சொல்லவைப்பது அவனுடைய நினைவுணர்வே என்று, 1694-இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த அதிகாரத்தில் அவர் வாதிட்டார். அப்படியென்றால், குடித்தபோது செய்ததைத் தெளிந்தபின் சிறிதும் நினைவில் கொள்ளாதவன் அதே ஆள்தானா? அவனை ஏன் தண்டிக்கிறோம்? நினைவில்லை என்று சொல்பவன் உண்மை சொல்கிறானா, நடிக்கிறானா என்று மனித நீதிமன்றத்தால் பிரித்தறிய முடியாது, அதனால் தண்டிக்கிறது. எல்லா இரகசியங்களும் வெளிப்படும் இறுதித் தீர்ப்பு நாளிலோ, தனக்குத் தெரியாத ஒன்றுக்கு எவனும் பதில் சொல்லவேண்டி வராது என்று லாக் முடித்தார். கோதிக் எழுத்தாளர்கள் குடியேறிய இடம் இதுதான். நீதிமன்றம் நுழைய முடியாத, இறுதித் தீர்ப்பும் இன்னும் வராத அந்த இடைவெளியில் மனிதன் தன்னைத்தானே என்ன செய்துகொள்கிறான் என்பதை அவர்கள் எழுதினார்கள்.

அந்த இடைவெளியில் மிக ஆழமாக இறங்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ஹாக். ஆடு மேய்த்து வளர்ந்து, பெரும்பாலும் தானே படித்து எழுத்தாளரான இவர் 1824-இல் பெயரில்லாமல் வெளியிட்ட நாவலில், ராபர்ட் ரிங்கிம் என்ற இளைஞன், கடவுள் தன்னை மீட்புக்கு முன்கூட்டியே தேர்ந்துவிட்டதால் இனி எந்தப் பாவமும் தன்னைத் தீண்டாது என்று நம்புகிறான். கில்-மார்ட்டின் என்ற விசித்திர நண்பன் அந்த நம்பிக்கைக்குத் தூபம்போட்டுக் கொலைகளுக்கு இட்டுச் செல்கிறான். பிறகு பரம்பரைச் சொத்துக்கு உரியவனாகி மாளிகையில் வாழும் ராபர்ட், தன்னை ஒழுக்கமான, குடிக்காதவன் என்றே கருதியிருக்க, மற்றவர்கள் அவனிடம் வேறொரு கணக்கைக் காட்டுகிறார்கள். மாதக்கணக்கில் குடித்துக் கூத்தடித்ததாகவும், ஒரு பெண்ணைக் கெடுத்ததாகவும், போலிப் பத்திரம் தயாரித்ததாகவும் சொல்கிறார்கள். அவனுக்கோ அந்த மாதங்களே நினைவில் இல்லை. தன் உருவத்தில் நண்பன் நடமாடினானா, தானே நடமாடினானா என்பதை நாவல் கடைசிவரை முடிவாகச் சொல்லாது. குடியால் நினைவு அறுந்துபோவதை இவ்வளவு கச்சிதமாக, அதன் முழு அச்சத்தோடு அதற்கு முன் யாரேனும் எழுதியிருக்கிறார்களா என்பது சந்தேகமே. குற்றவுணர்விலிருந்து தப்பக் குடிப்பவனுக்குக் கிடைப்பது குற்றமின்மை அல்ல என்பதை ஹாக் காட்டுகிறார். செய்தது என்னவென்றே தெரியாத குற்றவுணர்வு கிடைக்கிறது, அதற்குப் பரிகாரமும் செய்ய முடியாது.

போ இதே இரட்டையர் கருவை 1839-இல் ‘வில்லியம் வில்சன்’ கதையில் தலைகீழாக்கினார். அங்கே நாயகன்தான் கெட்டவன், அவனைப் போலவே பெயரும் தோற்றமும் கொண்ட மற்றவன் அவன் மனச்சாட்சி. ஈட்டன் பள்ளியில் ஓர் இரவு, சீட்டும் மதுவுமாகக் கொண்டாட்டம் உச்சத்தில் இருக்கையில், நாயகன் ஏதோ தகாத ஒன்றுக்காகக் கோப்பையை உயர்த்தச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருக்கும்போது கதவு திறக்கிறது. யாரோ பார்க்க வந்திருப்பதாக வேலையாள் சொல்ல, இருண்ட முன்கூடத்தில் வந்து நின்றவன் இவன் காதருகே குனிந்து இவன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான். நொடியில் போதை முழுவதும் இறங்கிவிடுகிறது. எதை மறக்கக் குடித்தானோ அதுவே குடிக்கும் இடம் தேடி வருகிறது.

1886 ஜனவரியில் வெளியான ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ இந்த மரபின் நடுத்தூண். விஞ்ஞானக் கதையாகவும் பரிணாமக் கவலையாகவும் அதைப் படிக்கிறோம். சற்று நெருங்கிப் பார்த்தால் அது ஒரு குடிநோயாளியின் நோய்க்குறிப்பு. டாக்டர் ஜெக்கில் தான் கலக்கிய மருந்தைக் குடித்து ஹைட் என்ற தீயவனாக மாறுகிறார். முதலில் ஒரு கிளாஸ் போதும். பிறகு அளவை இரட்டிக்க வேண்டியிருக்கிறது, ஒருமுறை உயிரைப் பணயம் வைத்து மும்மடங்காக்க வேண்டியிருக்கிறது. பயந்துபோய் நிறுத்துகிறார், இரண்டு மாதம் கட்டுப்பாடாக வாழ்கிறார், ஒரு பலவீனமான நேரத்தில் மீண்டும் கலக்கிக் குடிக்கிறார், அடைபட்டிருந்த பேய் உறுமிக்கொண்டு வெளியேறி அன்றிரவே சர் டான்வர்ஸ் கேரியூவை அடித்துக் கொல்கிறது. இந்தக் கட்டத்தை எழுதும்போது, தன் தீய பழக்கத்தைப் பற்றித் தனக்குள் தர்க்கம் செய்யும் குடிகாரனோடு ஜெக்கில் தன்னை வெளிப்படையாகவே ஒப்பிட்டுக்கொள்கிறார். ஆக, ஸ்டீவன்சன் எதையும் மறைத்துவைக்கவில்லை.

நாவல் முழுவதும் மதுவின் வாசம் இருக்கிறது. வக்கீல் அட்டர்சனுக்கு நல்ல பழைய ஒயின் மேல் ஆசை. அந்த ஆசையை அடக்குவதற்காகத் தனியாக இருக்கும்போது ஜின் குடிக்கிறார். பணக்காரன் தன்னை ஒறுத்துக்கொள்ள ஏழையின் சரக்கைக் குடிப்பது என்ற இந்தச் சிறு விவரம், அந்தச் சமூகத்தின் வேடத்தை ஒரே வரியில் காட்டிவிடுகிறது. கனவான்கள் கணப்படுப்பருகே ஒயின் அருந்தினால் மனம் இளகி நட்பு பிறக்கிறது. சோஹோவின் மூடுபனித் தெருவில் ஜின் கடையும், காலையிலேயே ஒரு கிளாஸ் போடக் கிளம்பும் பெண்களும் தெரிகிறார்கள், அங்கேதான் ஹைடின் வீடு. ஜெக்கில் இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே ஒரு கோப்பையைப் பாலமாக வைத்துக்கொள்கிறார்.

கேரியூவைக் கொன்றுவிட்டு ஓடிவந்த ஹைட், உதட்டில் ஒரு பாட்டோடு மருந்தைக் கலக்குகிறான். குடிக்கும்போது இறந்தவன் பெயரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்துகிறான். அந்த மிடறு தொண்டையில் இறங்கி முடிவதற்குள், அதே இடத்தில் ஜெக்கில் மண்டியிட்டு, கண்ணீர் வழிய, கைகளைக் குவித்துக் கடவுளிடம் இறைஞ்சிக்கொண்டிருக்கிறார். கொலையைக் கொண்டாடிக் குடித்த அதே கோப்பைதான் குற்றவுணர்வுக்குள் தப்பிக்கவும் உதவுகிறது. ஏனென்றால் ஜெக்கிலுக்குக் குற்றவுணர்வும் ஒரு புகலிடம்: குற்றம் செய்தவன் ஹைட், அவன் மட்டுமே என்று அவரால் சொல்லிக்கொள்ள முடிகிறது. தன் கதையை எழுதும்போது கூட, ஹைடைப் பற்றி நான் என்று சொல்ல முடியாமல் அவன் என்றே எழுதுகிறார். நூற்றாண்டுக் கணக்கில் சட்டம் மறுத்துவந்த சலுகையை ஒரு மருத்துவர் தன் ஆய்வுக்கூடத்தில் தனக்குத் தானே வழங்கிக்கொள்கிறார்.

அந்தச் சலுகை பறிபோகும் காட்சி ரீஜண்ட்ஸ் பூங்காவில் நடக்கிறது. தெளிந்த ஜனவரிப் பகல், பெஞ்சில் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் ஜெக்கில். மருந்து எதுவும் உட்கொள்ளவில்லை. தான் செய்துவரும் தருமங்களை எண்ணிப் பார்த்து, சும்மா இருக்கும் மற்றவர்களைவிடத் தான் மேல் என்று ஒரு நிறைவு வருகிறது. அந்த நொடியில் உடல் சுருங்கி, கையில் ரோமம் தெரிந்து, ஹைடாகிவிடுகிறார். மது இல்லாமலே மாற்றம். அதற்குப் பிறகு ஜெக்கிலாக இருப்பதற்குத்தான் மருந்து வேண்டியிருக்கிறது, தொடக்கத்தில் இன்பத்துக்குக் குடித்தவன் முடிவில் சாதாரணமாக இருப்பதற்கே குடிக்கவேண்டி வருவதைப் போல. போவின் பூனைக்கதை போலவே இங்கும் கோப்பை மெல்ல விலகி நிற்கிறது. அதன் பின்னால் அதுவரை ஒளிந்திருந்த ஆள் முன்னே வருகிறார்.

மருத்துவம் இதே காலத்தில் வேறொரு சொல்லாடலை உருவாக்கிக்கொண்டிருந்தது. எடின்பரோவில் பயின்ற தாமஸ் டிராட்டர் 1804-இல் குடிப்பழக்கத்தை மனத்தின் நோய் என்று எழுதினார். 1849-இல் சுவீடனின் மாக்னுஸ் ஹுஸ் ஆல்கஹாலிசம் என்ற பெயரை வைத்தார். நோய் என்று சொல்லிவிட்டால் பழி குறைகிறது, மருத்துவம் செய்ய வழி பிறக்கிறது, மனிதாபிமானமுள்ள மாற்றம்தான். ஆனால் நோயாளியே எழுதும் வாக்குமூலத்தில் அந்தச் சொல் பேயின் வேலையையே செய்யக்கூடும் என்ற ஐயம் கோதிக் புனைவை விட்டுப் போகவில்லை.

ஆங்கில நாவலாசிரியர்களான பிராண்ட்டே சகோதரிகளின் வீட்டில் இது ஏட்டுப் பிரச்சினையாக இல்லை. ஒரே சகோதரன் பிரான்வெல் ஹாவொர்த் ஊர் மதுக்கூடத்துக்கும் அபினிக்கும் தன்னை ஒப்புக்கொடுத்து, 1848 செப்டம்பரில் 31 வயதில் இறந்தான். எமிலியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் மனைவியை இழந்த ஹிண்ட்லி குடிவெறியில் தன் குழந்தையை மாடிக் கைப்பிடிக்கு மேலே தூக்கிப் பிடித்து நழுவவிடுகிறான். கீழே தற்செயலாக வந்த ஹீத்கிளிஃப் பிடித்துக்கொள்கிறான், பிடித்த பிறகு, பழிவாங்கும் நல்ல வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டோமே என்று அவன் முகம் கறுக்கிறது. தங்கை ஆன் பிராண்ட்டேயின் 1848 நாவலோ பேய்களைத் துறந்துவிட்டு, பாழடைந்த மாளிகையை மட்டும் வைத்துக்கொண்டு, குடிகாரனின் மனைவி பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. அதில் ஹெலன், தகப்பனும் அவன் கூட்டாளிகளும் சின்னஞ்சிறு மகனுக்கு ஒயின் பழக்குவதைக் கண்டு, ஒயினில் வாந்தி வரவைக்கும் மருந்தைச் சிறிது கலந்து கொடுத்து, அந்த வாடையே பிள்ளைக்குக் குமட்டும்படி செய்கிறாள். பெரியவர்களுக்கு அப்படி ஒரு வழி இல்லை. சாகக் கிடக்கும் கணவன் அவள் கையை விடாமல் பற்றிக்கொண்டு, நீயும் என்னோடு வந்து எனக்காகப் பரிந்து பேச முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்கிறான். கடவுளின் முன்னிலையிலும் தன் சார்பில் நிற்க வேறொரு ஆள் வேண்டியிருக்கிறது அவனுக்கு. இந்த மரபில் நான் அறிந்த மிக அச்சமூட்டும் காட்சி இது, ஆனால் இதில் அமானுஷ்யமாக எதுவும் இல்லை.

குடிப்பவன் குற்றவாளியாக இல்லாமல் பலியாளாக இருக்கும் கதையும் உண்டு. போவின் ‘அமோண்டிலாடோ பீப்பாய்’ 1846-இல் வந்தது. பகைவன் ஃபார்ச்சுனேட்டோவுக்கு ஒயின் தரம் பார்ப்பதில் பெருமை அதிகம். அந்தப் பெருமையைத் தூண்டிவிட்டே மோன்ட்ரெசர் அவனைத் தன் குடும்பத்து நிலவறைக் கல்லறைக்குள் அழைத்துப்போகிறான். வழியில் ஒரு புட்டியின் கழுத்தை உடைத்து மெடாக் ஒயினை ஊற்றிக் கொடுக்கிறான், இன்னொன்றை அவன் ஒரே மூச்சில் காலி செய்கிறான். மாடத்துக்குள் அவனைச் சங்கிலியில் பிணைத்து, கல் அடுக்கிச் சுவர் எழுப்புகிறான். முதல் வரிசை முடியும்போதே உள்ளிருந்து ஒரு முனகல் வருகிறது. அது குடித்தவனின் குரல் இல்லை என்று மோன்ட்ரெசர் குறிக்கிறான். போதை தெளிந்தபின் சாவதுதான் அந்தக் கொலையின் கொடுமை. தெளிவோடு கொன்றவன் ஐம்பது ஆண்டுகள் கழித்து இதைச் சொல்லும்போது, கடைசிக் கல்லை வைக்கையில் நெஞ்சு கனத்ததாக ஒப்புக்கொண்டு, அடுத்த மூச்சிலேயே நிலவறை ஈரத்தால் என்று காரணம் சொல்கிறான். சாக்குச் சொல்ல மதுதான் வேண்டும் என்றில்லை, ஈரமும் போதும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த இழை ஸ்டீபன் கிங்கின் ‘தி ஷைனிங்’ நாவலில் 1977-இல் மீண்டும் இறுகுகிறது. ஜாக் டாரன்ஸ் குடியை விட்டவன். போதையில் மகனின் கையை முறித்திருக்கிறான். பிறகு ஓர் இரவு நண்பனோடு குடித்துவிட்டுக் காரில் வருகையில் சாலை நடுவே கிடந்த சிறுவர் சைக்கிள் ஒன்றின்மேல் மோதுகிறார்கள். சுற்றிலும் தேடியும் எந்தக் குழந்தையின் உடலும் இல்லை. கண்டுபிடிக்கப்படாத, நடந்திருக்கக்கூடிய அந்தக் கொலைதான் இருவரையும் குடியை விடவைக்கிறது. ஆனால் அவன் வேலையை இழப்பது குடியால் அல்ல. காரின் டயரைக் கிழித்த மாணவனை அவன் அடித்து நொறுக்கியது முழுத் தெளிவில். ‘கருப்புப் பூனை’யின் கணக்கு இங்கும் அப்படியே வருகிறது: மது போயிற்று, கை ஓங்குவது போகவில்லை. பிறகு அவன் காவலாளாகச் சேரும், குளிர்காலம் முழுவதும் அடைபட்ட ஓவர்லுக் ஓட்டலில் மது இல்லை, அலமாரிகள் வெறுமையாக இருக்கின்றன. குடித்த காலத்து வழக்கம் விடாமல் தலைவலி மாத்திரையை நீரில்லாமல் மென்றுகொண்டும் உதட்டைத் துடைத்துக்கொண்டும் இருக்கிறான். பேய் பரிமாறும் மதுக்கூடத்தில், குடிக்காமல் இருந்த மாதம் ஒன்றுக்கு ஒன்று வீதம் மார்ட்டினி கேட்கிறான். இல்லாத மது அவனுக்குப் போதுமானதாக இருக்கிறது.

கிங் அப்போது குடியில் இருந்தவர். தன்னைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்று அப்போது தனக்குத் தெரியவில்லை என 2000-இல் வெளியான நினைவு நூலில் சொல்கிறார். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, நாவலின் முடிவில் அவர் ஜாக்குக்குக் கொஞ்சம் சலுகை காட்டுகிறார். கொல்ல வருவது அப்பா அல்ல, ஓட்டல் அணிந்த முகமூடி என்று மகன் டானியே சொல்லிவிடுகிறான். கதையாக அது நெஞ்சைத் தொடுகிறது. வாதமாகப் பார்த்தால், போவும் ஸ்டீவன்சனும் தர மறுத்த விடுதலைப் பத்திரம் அது.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, கிங் குடியை விட்டு நெடுங்காலம் ஆனபின் எழுதிய தொடர்ச்சியில் டானியும் குடிகாரனாகவே வளர்ந்திருக்கிறான். ஓட்டல் எரிந்துபோயிற்று, பழிபோட அது இல்லை. அவனை வாட்டுவது பேய்கள்கூட அல்ல. ஒரு காலை அறிமுகமில்லாத பெண்ணின் வீட்டில் விழித்து, அவள் பணப்பையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு, மேசையில் சிந்திய கோகேய்னை மிட்டாய் என்று நினைத்துக் கைநீட்டிய அவளுடைய சின்னக் குழந்தையை அங்கேயே விட்டுப் போனது அவன் மனத்தில் கிடக்கிறது. குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்க 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களுக்குப் போகிறான். மற்ற எல்லாவற்றையும் சொல்பவன் இதை மட்டும் ஆண்டுக்கணக்கில் சொல்லாமல் வைத்திருக்கிறான். கடைசியில் எழுந்து, அவன் என்றோ அது என்றோ சொல்லாமல், நான் எடுத்தேன், நான் விட்டுப் போனேன் என்று சொல்கிறான். தான் அஞ்சியதுபோல் அங்கே யாரும் அதிர்ந்துபோவதில்லை. அவர்கள் இதைப் போன்றவற்றை ஏற்கெனவே நிறையக் கேட்டிருக்கிறார்கள்.